மலிவுச் சாப்பாடு என்று பெயர் வைத்தது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் பேச வேண்டும், தலைப்பு உங்கள் விருப்பம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எஞ்சினியரைப் பேசக் கூப்பிட்டால் வேலை வாய்ப்பு பற்றியும் புதிய தொழில்நுட்பம் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "இவனுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்க முடியாது. நாலு வருஷம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டுத் தேறியவனுக்கு அந்த உரிமையைக் கல்லூரியே கொடுத்துவிட்டது. (சிரிப்பு)

என் கேள்வி இதுதான். சில நாட்டுச் சாப்பாடு என்றால் மேசை விரிப்பு, மெல்லிய விளக்கு, கோட்டுப் போட்ட சர்வர், நாலு இலக்கத்தில் பில் என்று நம் மனசு தானாகவே எதிர்பார்க்கிறது. வேறு சில சாப்பாடு என்றால் "இதுக்குப் போய் இவ்வளவு ரூபாயா?" என்று கேட்கிறது. முதல் வகைக்கு ஃபைன் டைனிங் என்று பெயர். இரண்டாவது வகைக்கு 'சீப் அண்ட் பெஸ்ட்' என்று பெயர். இந்தப் பிரிவினையைச் செய்தது யார்? எந்த அளவுகோலை வைத்துச் செய்தார்கள்?

ஓர் உதாரணத்தோடு ஆரம்பிப்போம். ஒரு பக்கம் குரோசான், பேக்கரிகளில் பிறை வடிவத்தில் வைத்திருப்பார்களே, அந்தப் பிரெஞ்சு ரொட்டி. இன்னொரு பக்கம் நம் ஊர் புரோட்டா. எஞ்சினியர் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே தத்துவம்தான். மைதா மாவு, கொழுப்பு, நடுவில் காற்று. மாவையும் கொழுப்பையும் அடுக்கடுக்காக ஆக்கி, சூட்டில் அந்த அடுக்குகள் பிரிந்து நிற்கும்படி செய்வது. குரோசானில் வெண்ணெயை நடுவில் வைத்து மடித்து மடித்துத் தேய்க்கிறார்கள். புரோட்டாவில் மாவை வீசி, கண்ணாடி மாதிரி மெல்லிசாக்கி, மடித்துச் சுருட்டுகிறார்கள். வீசுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால், இன்று சாயங்காலம் வீட்டில் முயற்சி செய்து பாருங்கள். மாவு கூரையில் ஒட்டிக்கொள்ளும்.

வெண்ணெய் விலை அதிகம், ஒத்துக்கொள்வோம். குரோசான் மாவை இடையிடையே குளிர வைக்க வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். அதையும் ஒத்துக்கொள்வோம். ஆனாலும் ஏசி பேக்கரியில் ஒரு குரோசானுக்குக் கேட்ட காசைப் பேசாமல் கொடுத்துவிட்டு வரும் அதே மனுஷன், புரோட்டா விலை அஞ்சு ரூபாய் ஏறினால் கடைக்காரரிடம் சண்டை போடுகிறான். அந்தச் சண்டைக்குக் காரணம் வெண்ணெய் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

முதல் காரணம், "சரக்கு விலை". அப்படியென்றால் இத்தாலியப் பாஸ்தா ஏன் பெரிய ஹோட்டலில் பெரிய விலைக்குப் போகிறது? அது கோதுமையும் தண்ணீரும், சிலவற்றில் முட்டையும். அரிசி, உளுந்தைவிட அதில் என்ன பெரிய செலவு?

இரண்டாவது காரணம், "வேலைப்பாடு". நம் வீட்டு இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, உளுந்தைத் தனித்தனியாக ஊற வைத்து, தனித்தனியாக அரைத்து, உப்புப் போட்டுக் கலந்து, ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கிறார்கள். அந்த மாவுக்குள் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்து, மாவைப் புளிக்க வைத்து, கரியமில வாயுவால் உப்ப வைக்கின்றன. மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, கோடைக்கு ஒரு கணக்கு. கெமிக்கல் எஞ்சினியரிங் தம்பிகள் இதை 'பேட்ச் ஃபெர்மென்டேஷன்' என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். அம்மா தெர்மாமீட்டர் இல்லாமல் கையை விட்டுப் பார்த்தே முடித்துவிடுகிறார். வேலைப்பாட்டுக்குத்தான் விலை என்றால் இட்லி இன்றைக்கு இருக்கும் இடத்தில் இருக்காது.

மூன்றாவது காரணம், "ருசி". ருசி அவரவர் நாக்கு. அதை விட்டுவிடுவோம்.

நான்காவது காரணம், "அந்த ஹோட்டலில் ஏசி, அலங்காரம், சர்வீஸ் எல்லாம் இருக்கிறது". இது காரணம் போலத் தெரியும். யோசித்துப் பார்த்தால் இது விளைவு. நாலு காசு கூடக் கொடுக்க வாடிக்கையாளர் தயாராக இருந்தால்தானே முதலாளி அலங்காரத்தில் பணம் போடுவார்?

அப்படியானால் மிச்சம் இருப்பது அளவுகோல். அளவுகோலே ஒரு பொருளை வைத்துச் செய்யப்பட்டிருந்தால், மற்ற பொருளெல்லாம் அதில் குறைவாகத்தான் காட்டும். நம் லேபில் இதைக் 'காலிபிரேஷன்' என்போம். ஃபைன் டைனிங் என்ற அளவுகோலைக் காலிபிரேட் செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

இன்று நாம் ரெஸ்டாரன்ட் என்று சொல்லும் ஏற்பாடு 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் உருவானது. 1789 புரட்சிக்குப் பிறகு அது வேகமாகப் பரவியது. பிறகு அகஸ்த் எஸ்காஃபியே என்ற சமையல் மேதை (1846 - 1935) வந்தார். அவரும் ஹோட்டல் நிர்வாகி சேசர் ரிட்ஸும் 1890 முதல் லண்டன் சவாய் ஹோட்டலில் வேலை பார்த்தார்கள். எஸ்காஃபியே அடுக்களையை ஒரு ஃபாக்டரி மாதிரி பிரித்தார். சாஸ் செய்பவர் தனி, வறுப்பவர் தனி, இனிப்பு செய்பவர் தனி. 1903-ல் அவர் எழுதிய சமையல் நூல் பல தலைமுறைச் சமையல்காரர்களுக்குப் பாடப் புத்தகமாக இருந்தது. அதே சமயத்தில் மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி, கார் வைத்திருப்பவர்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் வியாபாரம் நடக்கும் என்ற எண்ணத்தில் 1900-ல் ஒரு பயணக் கையேடு போட்டது. 1926-ல் நல்ல உணவகங்களுக்கு அதில் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1931-ல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தார்கள். டயர் விற்க வந்த புத்தகம் உலகத்துச் சாப்பாட்டுக்கெல்லாம் மார்க் போடும் வாத்தியாராகிவிட்டது.

அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. அபாரமான சமையல் அது. ஆனால் அந்த அளவுகோலில் நம் வாழை இலை என்ன மார்க் வாங்கும் என்று பாருங்க. அங்கே ஒவ்வொரு பதார்த்தமாக வர வேண்டும். இங்கே பொரியல், கூட்டு, வறுவல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் ஒரே இலையில், எதை எதோடு பிசைவது என்பது சாப்பிடுகிறவர் இஷ்டம். அங்கே கத்தியும் முள்கரண்டியும். இங்கே கை. அங்கே சாப்பாட்டோடு ஒயின் வரும், ஹோட்டலுக்கு லாபத்தில் பெரும் பங்கு அந்தப் பாட்டிலில்தான். இங்கே சாப்பாட்டோடு வருவது தண்ணீரும் மோரும், அதுவும் இலவசம். இலை போட்டுப் பரிமாறுவதில் உள்ள ஒழுங்கு, எது எந்த மூலையில் வைக்க வேண்டும் என்ற இலக்கணம், எதுவுமே அந்தத் தேர்வில் கேள்வியாக வருவதில்லை.

ஆனால் அளவுகோல் மட்டும் முழு விடை ஆகாது. ஏனென்றால் பிரெஞ்சு அல்லாத சில சமையல்களும் அந்த அளவுகோலில் பாஸ் ஆகியிருக்கின்றன. எப்படி பாஸ் ஆயின என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டும். பல நாட்டு ஜனங்கள் வந்து இறங்கி, ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்ட இடம் அது. ஒரு சோதனைச் சாலை மாதிரி.

முதலில் இத்தாலி. 1880-க்கும் 1924-க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேலான இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழை விவசாயிகள். அங்கே ரோடு போட்டார்கள், சுரங்கம் தோண்டினார்கள். அவர்கள் சாப்பாட்டில் இருந்த பூண்டு வாசனையை அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள். சமூக சேவகிகள் வீடு வீடாகப் போய், பூண்டும் மசாலாவும் பாஸ்தாவும் குறைத்துக்கொள்ளுங்கள், பாலும் இறைச்சியும் சாப்பிடுங்கள் என்று புத்தி சொன்னார்கள். 1924 சட்டத்துக்குப் பிறகு புதிதாக வருபவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்து, வக்கீல், டாக்டர், மேயர் என்று ஆனார்கள். 1980-களுக்கு வரும்போது வெள்ளை விரிப்புப் போட்ட இத்தாலிய உணவகங்கள் நியூயார்க்கில் பெருமைக்குரிய இடங்கள். பூண்டு அதே பூண்டுதான்.

இரண்டாவது ஜப்பான். எடோ என்று அழைக்கப்பட்ட பழைய டோக்கியோவில் 19-ஆம் நூற்றாண்டில் சுஷி என்பது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு. நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்து வைத்தது. பச்சை மீன் சாப்பிடுவதை அருவருப்பாகப் பேசிய காலம் அது. பிறகு என்ன ஆச்சு? ஜப்பான் காரும் டிரான்சிஸ்டரும் டிவியும் உலகத்தைப் பிடித்தன. 1985-ல் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட நாணய ஒப்பந்தத்துக்குப் பிறகு, மூன்று வருஷத்துக்குள் யென்னின் மதிப்பு டாலருக்கு எதிராக ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஜப்பானியக் கம்பெனி அதிகாரிகள் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு சுஷியும் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. 2007 கடைசியில் மிஷெலின் முதல் டோக்கியோ கையேட்டை வெளியிட்டபோது, பாரிஸை மிஞ்சிய எண்ணிக்கையில், 150 உணவகங்களுக்கு 191 நட்சத்திரங்கள் கொடுத்தது. நியூயார்க்கில் ஒருவர் சுஷி சாப்பிடப் பல நூறு டாலர் கொடுக்கும் உணவகங்கள் வந்தன. டொயோட்டாவும் சோனியும் போட்ட ரோட்டில்தான் சுஷி போனது என்றால் அது மிகையில்லை.

மூன்றாவது சீனா. இதில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சீனச் சமையலுக்கு இருக்கும் வரலாறும் நுணுக்கமும் பிரெஞ்சுச் சமையலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் அது நீண்ட காலம் காகிதப் பெட்டியில் கட்டிக்கொடுக்கும் சாப்பாடாகவே இருந்தது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் அந்த நாட்டுக்குள் வருவதையே தடுத்து அமெரிக்கா சட்டம் போட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தத் தடையை நீட்டிக்க வேண்டும் என்று ஒரு பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு சிறு புத்தகம் போட்டது. அதன் தலைப்பிலேயே 'இறைச்சிக்கு எதிராக அரிசி' என்று வருகிறது. அரிசி சாப்பிட்டு உயிர் வாழக்கூடியவன் குறைந்த கூலிக்கு வருவான், ஆகவே அவன் ஆபத்தானவன் என்பது வாதம். அரிசிச் சோறு சாப்பிட்டு வளர்ந்த நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் கவனியுங்கள். சாப்பாட்டின் மதிப்பையும் சாப்பிடுகிறவனின் கூலியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள்.

அந்தத் தடைச் சட்டத்தில் வியாபாரிகளுக்கு விலக்கு இருந்தது. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவகம் நடத்துபவரும் வியாபாரிதான் என்று வழி திறந்தது. அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, முறை வைத்து முதலாளியாகி, ஊரிலிருந்து உறவினரை வரவழைக்க உணவகங்கள் திறந்தார்கள். வேறு பெரும்பாலான வேலைகளுக்குக் கதவு அடைத்திருந்தது. திறந்திருந்த அந்த வாசலில் நிறைய பேர் நுழைந்தார்கள்.

இங்கேதான் மலிவின் எந்திரம் எப்படி ஓடுகிறது என்று புரியும். வேறு பிழைப்பு இல்லாத நிறைய பேர் ஒரே தொழிலுக்கு வந்தால் போட்டி கூடும். போட்டியில் நிற்க விலையைக் குறைக்க வேண்டும். விலையைக் குறைக்க வீட்டு ஆட்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் உழைக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கல்லாவில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்யும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கண்ணில் படுவது விலைப் பட்டியல் மட்டும். பத்து வருஷம் அந்த விலையைப் பார்த்தபின், "இந்தச் சாப்பாடே மலிவானது" என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்தக் குடும்பத்தின் கஷ்டம் அந்தச் சமையலின் குணமாக மாறிவிடுகிறது.

அதற்கு மேல் ஒரு அவமானமும் சேர்ந்தது. 1968-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதத்தை வைத்து, சீன உணவகத்தில் சாப்பிட்டால் ஒரு நோய் வருகிறது, அதில் போடும் அஜினோமோட்டோதான் காரணம் என்று பேச்சு பரவியது. அதே உப்பு டப்பாவில் அடைத்த சூப்பிலும் பாக்கெட் நொறுக்குத் தீனியிலும் இருந்தது. அந்தக் கம்பெனிகளின் பெயரை எந்த நோய்க்கும் யாரும் வைக்கவில்லை.

2019-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. பல நகரங்களில் பழைய சீன உணவகங்கள் மூடப்படுகின்றன. காரணம் நஷ்டம் மட்டும் இல்லை. முதலாளிகளின் பிள்ளைகள் எஞ்சினியராகவும் டாக்டராகவும் ஆகிவிட்டார்கள், அடுப்படிக்கு வர ஆளில்லை. பெற்றோருக்கு அதில் சந்தோஷம்தான். அடுப்பில் வெந்தது அதற்காகத்தானே?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவைப் பற்றிய படிப்பின் பேராசிரியராக இருந்து, 2016-ல் இது குறித்து ஒரு நூல் எழுதியவர் கிருஷ்ணேந்து ராய் என்ற இந்தியர். உணவகக் கையேடுகளின் விலைகளையும் பத்திரிகை விமர்சனங்களையும் பல பத்தாண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இது. ஒரு நாட்டின் பொருளாதாரம் உயர்ந்து, அங்கிருந்து ஏழைகளாக வந்து குடியேறுவோர் குறைந்தால், அந்தச் சமையலின் மதிப்பு ஏறுகிறது. ஏழைகள் வந்துகொண்டே இருக்கும் வரை இறங்கியே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையைச் சொல்றேன். நியூயார்க்கின் பிரெஞ்சு உணவகங்களில் அடுப்பங்கரையில் நின்று பிரெஞ்சுச் சமையல் செய்தவர்களில் ஏராளமானோர் மெக்சிகோ, ஈக்வடார் நாட்டுத் தொழிலாளர்கள். அந்தோணி போர்டெய்ன் என்ற சமையல்காரர் 2000-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் அவர்களை வாயாரப் பாராட்டியிருக்கிறார். அதே கை பிரெஞ்சு சாஸ் செய்தால் உயர்ந்த விலை. அதே கை தன் ஊர்ச் சாப்பாடு செய்தால் மலிவு விலை. ஆக, விலை கையைப் பார்த்து வருவதில்லை. அந்தச் சமையல் யார் பெயரைச் சுமக்கிறதோ, அவர்களுக்கு உலகத்தில் என்ன மரியாதையோ, அதைப் பார்த்து வருகிறது. சமைத்த கை எல்லா இடத்திலும் மறைவாகத்தான் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1926-ல் லண்டன் ரீஜண்ட் தெருவில் வீராசாமி என்ற இந்திய உணவகம் திறந்தபோது அது பெரிய மனிதர்கள் போகும் இடம். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே வந்தார்கள். போருக்குப் பிறகு சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த எளிய மக்கள், கப்பல் வேலை பார்த்தவர்கள், தெருத் தெருவாகச் சின்னக் கடைகள் போட்டு இரவு வெகு நேரம் உழைத்தார்கள். 'கறி' என்றால் மலிவு என்று ஆனது. இந்திய உணவகங்களுக்கு முதன்முதலாக மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது 2001-ல், லண்டனில். இடையில் 75 வருஷம் ஓடியிருந்தது.

நண்பர்களே, வெள்ளைக்காரன் நம்மை மதிக்கவில்லை என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட எனக்கு இஷ்டமில்லை. இந்த விஷயத்தில் நாம் அவனுக்குச் சளைத்தவர்களா? நம் ஊர்க் கடைத்தெருவில் 'உயர்தர சைவ உணவகம்' என்று போர்டு எத்தனை பார்த்திருக்கிறோம்! 'உயர்தர' என்ற சொல் எந்தச் சாப்பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது, எதோடு ஒட்ட மறுக்கிறது என்று யோசித்திருக்கிறோமா? ஒரு காலத்தில் ஓட்டல் போர்டில் சமைப்பவரின் சாதியே விளம்பரமாக இருந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்ற சொல்லைப் பெயர்ப் பலகையிலிருந்து நீக்கச் சொல்லி, பெரியார் தலைமையிலான திராவிடர் கழகத்தினர் ஓர் ஓட்டல் முன்னால் மறியல் செய்து கைதானார்கள். சமையலின் தரம் சமைப்பவரின் பிறப்பைப் பொறுத்தது என்ற போர்டை வெளியிலிருந்து வேறு யாரும் வந்து மாட்டவில்லை. நாம் மாட்டினோம்.

கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று, அரிசிச் சோறு கிடைத்ததும் விட்டுவிட்டோம். சர்க்கரை வியாதி வந்து, டாக்டர் சொல்லி, 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு, அதே கூழ் பெரிய ஹோட்டல் பஃபேயில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வருகிறது. கம்பு மாறவில்லை. குடிக்கிறவர் மாறினார்.

நத்தையைப் பாருங்கள். பிரெஞ்சு உணவகத்தில் 'எஸ்கார்கோ' என்று பெயர் சொன்னால் அது பெருமைக்குரிய பதார்த்தம். அதைப் பிடித்துத் தின்ன ஒரு தனி இடுக்கியே உண்டு. நம் வயற்காட்டில் நத்தை பொறுக்கிச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பத்தை எப்படிப் பார்த்தோம்? பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை தன் வீட்டில் என்ன சாப்பாடு என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

இதற்கு ஒரு பதில் 2021-ல் நியூயார்க்கில் கிடைத்தது. நத்தம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த விஜய் குமார் என்ற சமையல்காரரைத் தலைமையாகக் கொண்டு 'செம்ம' என்ற உணவகம் அங்கே திறந்தது. வடஇந்திய பட்டர் சிக்கன் கிடையாது. நம் தென்னாட்டுக் கிராமத்துச் சாப்பாடு. அதில் ஒரு பதார்த்தம் நத்தைப் பிரட்டல், அந்தப் பெயரிலேயே. 2022-ல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். சந்தோஷமான விஷயம். ஆனால் நத்தைக்கு நட்சத்திரம் நியூயார்க்கில் கிடைத்த பிறகுதான் நத்தத்தில் மரியாதை என்றால், நாம் இன்னும் அடுத்தவன் அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "அப்படின்னா எல்லாச் சாப்பாட்டுக்கும் விலை ஏத்தணும்னு சொல்றீங்களா? ஏழை எங்கே போவான்?" நியாயமான கேள்வி. மலிவாகச் சாப்பாடு கிடைப்பது ஒரு நல்ல சமூகத்தின் அடையாளம். 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பசியோடு வந்தவர் தலை குனியாமல் சாப்பிட்டுப் போனார். அங்கே மலிவின் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கணக்கில் அது தெரியும்.

யார் ஏற்கிறார்கள் என்று தெரியாத மலிவு வேறு. பெங்களூர் எம்.டி.ஆர். கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1975 நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு மிகக் குறைந்த விலை நிர்ணயிக்கப்பட்டது. அந்த விலையில் தங்கள் தரத்தைக் காப்பாற்றி நடத்த முடியவில்லை என்றுதான் அவர்கள் பாக்கெட் மாவு வியாபாரத்துக்குத் திரும்பினார்கள். பெரிய ஓட்டலுக்கு மாற்று வழி கிடைத்தது. சின்னக் கடைக்கு என்ன மாற்று வழி? சாதத்தின் அளவைக் குறைக்கலாம், எண்ணெயை மறுபடி காய்ச்சலாம், இல்லையென்றால் ஆள் கூலியைக் குறைக்கலாம். பெரும்பாலும் கடைசி வழிதான் நடக்கிறது. அனல் அடிக்கும் கல்லுக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாரே புரோட்டா மாஸ்டர், விடிகாலை மூன்று மணிக்கு மாவு கரைக்க எழுந்திருக்கிறாரே சரக்கு மாஸ்டர், பாத்திரம் தேய்க்க வெளியூரிலிருந்து வந்து கடை மாடியிலேயே தூங்குகிறானே ஒரு பையன், நம் மலிவின் பாக்கியை அவர்கள் கட்டுகிறார்கள்.

சிங்கப்பூரையும் பார்க்கலாம். அங்கே 2016-ல் ஒரு சாதாரண உணவுச் சந்தைக் கடைக்கு, சில டாலருக்குக் கோழிச் சோறு விற்ற கடைக்கு, மிஷெலின் நட்சத்திரம் கொடுத்தார்கள். 2020-ல் அந்த உணவுச் சந்தைக் கலாச்சாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மலிவுக்கும் மரியாதைக்கும் பகை இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆனாலும் வயதான கடைக்காரர்களின் இடத்துக்கு இளைஞர்கள் வரத் தயங்குகிறார்கள் என்ற கவலை அங்கேயும் இருக்கிறது. கைதட்டல் வேறு, கூலி வேறு. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஒரு தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

தம்பி தங்கைகளே, நீங்கள் இன்னும் சில வருஷத்தில் நன்றாகச் சம்பாதிக்கப் போகிறீர்கள். எந்த ஓட்டலில் கேட்ட காசைப் பேசாமல் கொடுப்பது, எந்தக் கடையில் பேரம் பேசுவது என்று முடிவு செய்யப் போகிறவர்கள் நீங்கள்தான். அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "இது மலிவாக இருப்பது பொருள் மலிவு என்பதாலா, ஆள் மலிவு என்று நாம் நினைப்பதாலா?" பதில் இரண்டாவது என்றால், பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். நாளைக்கு உங்கள் கல்யாணத்துக்குச் சமையல் கான்டிராக்டரிடம் பேசும்போது பூ அலங்காரத்துக்கும் வீடியோவுக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, இலைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். அந்தப் பத்து ரூபாய் கான்டிராக்டர் பையிலிருந்து போகாது. காய் நறுக்க வந்த அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து போகும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தாளி வந்தால் இத்தாலிய உணவகம், நாம் மட்டும் என்றால் இந்தியக் கடை என்று ஒரு வழக்கம் நமக்குள் இருக்கிறது. ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். நம் சாப்பாட்டை முதலில் நாமே விருந்து என்று நினைக்க வேண்டாமா?

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வரும், விளம்பரம் கொடுத்தவர்கள் பெயர் வரும், கமிட்டி உறுப்பினர்கள் பெயர் போட்டோவோடு வரும். வர வேண்டியதுதான். அதோடு, இன்று மதியம் நமக்கெல்லாம் சமைத்துப் போட்டவர்கள், ஹாஸ்டல் மெஸ்ஸில் வருஷக்கணக்காக நமக்குப் பொங்கிப் போட்டவர்கள், அவர்கள் சம்மதித்தால், அவர்கள் பெயரும் ஒரு பக்கத்தில் வரட்டும். 'சமையல்' என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்கள். மெஸ் பில்லை நாலு வருஷம் பாக்கி வைக்காமல் கட்டினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு பாக்கி மட்டும் நிற்கிறது. அடுத்த மலரிலாவது அதைத் தீர்த்துவிடுவோம்.

 பந்திக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டைப் பற்றிப் பேசி உங்கள் சாப்பாட்டைத் தாமதப்படுத்தக் கூடாது.